ஜன்னல் பக்கத்துக் கை

"வெயில்ல அம்மாவுக்குக் கண்ணு கூசாதா, சித்தி?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல கேள்விதான் என்று சொல்லி, தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

டீச்சர், வகுப்பில் அவள் வாயே திறப்பதில்லை, வீட்டில் என்ன நடந்தது என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். மறைப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. நான் இரண்டு வேளையும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள்.

அவளைப் பெற்றவள் காய்ச்சலில் போனபோது குழந்தைக்கு இரண்டு வயது. என் கணவர் லாரி ஓட்டுகிறார். இறந்துபோன அந்த முதல் மனைவியின் முகத்தைத் தன் முழங்கைக்கு மேல் பச்சை குத்திக்கொண்டார். அதுவும் ஜன்னல் பக்கத்துக் கையில், வண்டி ஓட்டும்போது கூடவே வருவாளாம். எந்தப் படத்தைப் பார்த்துக் குத்தினார்களோ, அந்தப் படம் இருந்த போன் பிறகு பழுதாகிப் போனது. வேறு படம் கிடையாது. குழந்தைக்கு அம்மா என்றால் அந்தக் கைதான். தூங்கப் போகுமுன் அதற்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் படுப்பாள்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் பச்சை குத்தியவரிடம் என்னையும் அழைத்துப் போனார். நல்ல மனிதர். ஒரு டியூப் சன்ஸ்கிரீனைச் சும்மாவே கொடுத்தார்.

"நாள் முழுக்க வெயில் அடிச்சா மை மங்கிடும், தங்கச்சி. காலையில இதைத் தடவித்தான் அனுப்பணும். அவருக்கு மறந்துடும். இனிமே இந்த முகம் உங்க பொறுப்பு."

என் பொறுப்பு என்றார். நானும் தலையாட்டினேன். இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் தடவினேன். நெற்றி, கன்னம், மோவாய் என்று அவள் முகம் எனக்குக் கைமனப்பாடம். வாசலில் வண்டியோடு காத்திருக்கும் இன்னொரு டிரைவர் தினமும் குரல் கொடுப்பார்.

"என்னப்பா, பெரியவங்களுக்கு மேக்கப் முடிஞ்சுதா? சின்னவங்க கொஞ்சம் சீக்கிரம் போட்டுவிடுங்க, லோடு காத்துட்டு இருக்கு!"

என் கணவரும் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்த டிரைவர் மனதில் ஒன்றும் கிடையாது, வாய்தான் அப்படி.

கல்யாணத்துக்கு முன் நான் ஒரு ஜூஸ் கடையில் வேலை பார்த்தேன். முதல் வாரமே ஒரு தப்புச் செய்தேன். எலுமிச்சை பிழிந்த கையைக் கழுவாமல் வெளியே போய் வெயிலில் மேசைகளைத் துடைத்தேன். மறுநாள் விரல்கள் சிவந்து கொப்புளம் கட்டின. பழுப்புத் தழும்பு மறைய மாதங்கள் ஆயின. அந்தக் கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் இது தெரியும். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

இறந்தவர்களை நிம்மதியாகப் போகவிட வேண்டும் என்று நினைப்பவள் நான். தினமும் அவளை வெயிலில் பிடித்து வைத்திருப்பது புண்ணியமா, சொல்லுங்கள். டியூபைப் பிதுக்கிக் காலி செய்தேன். முகத்துக்குப் பூசும் சாதாரண கிரீமில் எலுமிச்சையைப் பிழிந்து கலந்து உள்ளே அடைத்தேன்.

பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் தடவுவது குழந்தையின் வேலை. ஸ்டூல் போட்டு ஏறி நின்று, "கண்ணை மூடிக்கோம்மா, எரியும்," என்று சொல்லிக்கொண்டே தடவுவாள். அந்த வாரம் முழுக்க விடுமுறை. ஒவ்வொரு நாளும் முடிந்த உடனே அவள் கையைச் சோப்புப் போட்டு நானே கழுவிவிட்டேன். குழந்தை விஷயத்தில் நான் அலட்சியமாக இருந்ததே இல்லை.

நான்காம் நாள் அவர் கை சிவந்தது. பிறகு கொப்புளம். தூக்கத்தில் சொறிந்து, சீழ் வைத்து, காய்ச்சலும் வந்தது. "வெயிலுக்கு எதுவும் போடறதில்லையா?" என்று டாக்டர் கேட்டார். "தினமும் போடுறோமே," என்று இவர் குழந்தையைப் பார்த்தார். கோபமாக இல்லை, சும்மாதான் பார்த்தார். ஆறியபோது பச்சை குத்திய முகத்தில் ஒரு கண்ணும் வாயும் போயிருந்தன. மீதி இடம் பழுப்பாகத் திட்டுத் திட்டாக நின்றது. அன்றிலிருந்து அவர் முழுக்கைச் சட்டைதான் போடுகிறார். வீட்டில்கூட.

அன்று சமையலறைக்கு வந்து அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நான் சரியாத் தடவலையா, சித்தி?"

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, டீச்சர். அவளைக் கட்டிக்கொண்டு, "அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அவள் பேச்சுக் குறைந்தது. ஆனால் இவ்வளவு அடக்கமான பிள்ளையை நான் பார்த்ததில்லை. சொல்லாமலே பாத்திரம் கழுவுகிறாள். போன மாதம் தானாகவே என்னை அம்மா என்று கூப்பிட்டாள். பிள்ளை திருந்துவது நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயமா என்று தெரியவில்லை.

இன்னும் ஒன்று எழுதிவிடுகிறேன். சென்ற ஞாயிறு உச்சி வெயிலில் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, அப்பாவின் கையில் அந்த முகம் இருந்த அதே இடத்தை வெயிலுக்கு நேராகத் திருப்பிப் பிடித்திருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள். "எனக்கும்தாம்மா எரியுது, எனக்கும்தான்," என்று உதடு முணுமுணுத்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் செய்தாள். பட்ட கடனை ஒருவர் சத்தமில்லாமல் தீர்க்கும்போது நடுவில் போய்த் தடுப்பது முறையல்ல. துணியை அப்படியே விட்டுவிட்டு, காலடி கேட்காமல் இறங்கி வந்தேன்.

மாலையில் அந்தச் சிவந்த தோலில் நல்ல மருந்தாகப் பார்த்துத் தடவிவிட்டேன். பெற்றவள் இருந்திருந்தால்கூட இவ்வளவு பொறுமையாகத் தடவியிருக்க மாட்டாள்.