காலி வேற, சைபர் வேற

வரச் சொன்னது அவதான் சார், நான் இல்லேங்கல. ஆனா இப்ப வீட்ல இல்ல. பொண்ணைக் கூட்டிக்கிட்டு நீச்சல் கிளாசுக்குப் போயிருக்கா. போனையும் வெச்சிட்டுப் போயிட்டா, நீங்க அடிச்சா உள்ளதான் அடிக்கும். லிஃப்ட் வேற ஓடல, மாடி ஏறி மூச்சு வாங்குது உங்களுக்கு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. உள்ள கூப்பிடறேன், அதுக்கு முன்னாடி நான் உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்.

நான் பஸ் ஓட்டறவன். உங்க கம்ப்யூட்டர் வேலை எனக்குத் தெரியாது. ஆனா இவ சாப்பிடறப்ப, துணி மடிக்கறப்ப எல்லாம் இதே புலம்பல்தான், கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு நீங்க செய்யற சாஃப்ட்வேர்ல லேப் பக்கம் ஒரு டீம், அவங்க பைத்தான்ல எழுதறாங்க. வார்டு ஸ்கிரீன் உங்க டீம், நீங்க ஜாவா. ரெண்டுக்கும் நடுவுல நின்னு, அங்க வாங்கி இங்க குடுக்கற புரோகிராம் என் பொண்டாட்டியோடது. சரிதானே?

லேப்ல இருந்து அனுப்பற தகவல்ல ஏதோ ஒரு பேரை மாத்துவாங்க, சொல்ல மாட்டாங்க. உங்க ஸ்கிரீன் நின்னுடும். நீங்க இவளைக் கூப்பிடுவீங்க. இவ லேப்ல போய்க் கேட்டா, எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கும்பாங்க. உங்ககிட்ட வந்தா நீங்களும் அதையேதான் சொல்வீங்க. கோவிச்சுக்காதீங்க, சொன்னதுதானே. கடைசில இவ நடுவுல ஒரு ஒட்டு போடுவா. அடுத்த தடவைல இருந்து அது இவ வேலைன்னே ஆயிடும். ரெண்டு டீமும் ஒரு நாள் சேந்து உக்காந்து, எதை எந்தப் பேர்ல அனுப்பணும், ஒண்ணும் இல்லன்னா எப்படி அனுப்பணும்னு பேசி முடிவு பண்ணுங்கன்னு எவ்வளவு கெஞ்சியிருப்பா. உங்களுக்கு நேரம் இருந்தா லேப் சார் லீவு, அவரு வந்தா உங்களுக்கு வேற அவசரம்.

அப்புறம்தான் அந்த சர்க்கரை விவகாரம். தெரியும்பீங்க. இருந்தாலும் கேளுங்க. முன்னாடியெல்லாம் டெஸ்ட் முடிஞ்சாத்தான் லேப்ல இருந்து அனுப்புவாங்களாம். திடீர்னு, ரத்தம் வந்து சேந்ததுமே அனுப்ப ஆரம்பிச்சிருக்காங்க, ரிசல்ட் இடத்தைக் காலியா விட்டு. உங்க பக்கம் அந்த இடத்துல நம்பர் மட்டும்தான் நிக்குமாம். காலியா வந்ததை சைபர்னு எடுத்துக்கிச்சு. கால் புண்ணுக்காக அட்மிட் ஆன ஒரு பெரியவரு, ஸ்கிரீன்ல அவருக்கு சர்க்கரை சைபர். சைபர்னா ஆளே இருக்க மாட்டாரே சார். நர்ஸம்மா பதறிப்போய் குளுக்கோஸ் ஊசியோட ஓடி வந்தா, அவரு கட்டில்ல நிமிந்து உக்காந்துக்கிட்டு, ஃபேன் சரியா சுத்தலன்னு யார்கிட்டயோ மல்லுக்கு நின்னுட்டு இருக்காரு. அந்தம்மாவுக்கு சந்தேகம் வந்து விரல்ல குத்திப் பாத்திருக்காங்க. சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. அதுக்கு மேல குளுக்கோஸும் ஏறியிருந்தா?

ஆமா, ஒண்ணும் ஆகல. மீட்டிங்லயும் நீங்க இதையேதான் சொன்னீங்களாம். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, நடுவுல இவ புரோகிராம்ல ஒரு செக் போட்டுட்டா முடிஞ்சுதுன்னு. லேப் சாரும் தலையாட்டினாராம். நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்னு சொல்லிச் சிரிச்சா. சிரிப்பா அது.

அன்னிக்குப் பொண்ணோட யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கிட்டே சொன்னா. அவங்க சொல்றதும் சரி, இவங்க சொல்றதும் சரி, தனித்தனியா பாத்தா யார்கிட்டயும் தப்பே இல்லங்க, அதான் எனக்கு பயமா இருக்குன்னா. போட்ட சட்டைமேலயே திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு இருந்தா. நான்தான் போய் சுவிட்சை அணைச்சேன்.

திங்கக்கிழமை வேலைக்கு வருவாளான்னா, அது என் கையில இல்ல சார். கிளாஸ் முடிஞ்சு அவ வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தா வருவா. அவ்ளோதான் சொல்லச் சொன்னா.

எந்த ரெண்டு பேரா? லேப் சார் அப்பவே வந்துட்டாரு, உள்ளதான் இருக்காரு. அவர்கிட்டயும் இதையெல்லாம் ஒப்பிச்சிட்டேன். உங்க ரெண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னது அவ வேலைதான். எழுந்திருங்க, வாங்க.

பாத்து வாங்க சார், வழியில காலை நீட்டிட்டு உக்காந்திருக்காரு, இடிச்சிடாதீங்க, கட்டு இன்னும் பிரிக்கல. எங்க அப்பா. ம்... அவரேதான். வீட்டு விஷயத்தைக் கொண்டாந்து பேசறான்னு ஆயிடும்னுதான் மீட்டிங்ல அவ சொல்லல. அந்த சைபர் கதையெல்லாம் இவருக்குத் தெரியாது. காது மந்தம்தான், இருந்தாலும் கொஞ்சம் மெதுவா பேசுங்க. நான் டீ போடறேன்.