புலிப்பங்கு

நான் புலால் உண்பதில்லை. ஆகவே இவ்வழக்கில் எனக்குத் தன்னலம் எதுவும் இல்லை என்பதை முதலில் பதிந்துகொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

வண்டிப்பெரியார் எஸ்டேட் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தமிழாசிரியனாக இருக்கிறேன். 1971இல் ஊர் திரும்பிய வெள்ளைக்கார மானேஜர் விட்டுச்சென்றவற்றுள், இமயமலைப் பனிச்சிறுத்தையைப் பற்றிய புத்தகம் ஒன்று எனக்குக் கிடைத்தது. அவ்விலங்கு கர்ஜிப்பதில்லை. நீண்ட வாலைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு உறங்கும். ஒரே இரையைப் பல நாள் வைத்து உண்ணும். மனிதர் நெருங்கினால் சண்டையிடாமல் விலகிவிடும். இத்தனை பண்பை எங்கள் ஆசிரியர் அறையில் நான் கண்டதில்லை.

இம்மலையில் பனிச்சிறுத்தை இல்லை; சிறுத்தை இருந்தது. ஏலக்காட்டுப் பாறையில் ஒரு தாய், இரண்டு குட்டிகள். அது மிளா மானை அடித்தால், தொழிலாளர் லயத்தில் குடியிருந்த மிக்கேல்ராஜ் தகரத்தைத் தட்டி விரட்டிவிட்டு ஒரு தொடையை அறுத்து வருவான். மறு தொடையை விட்டுவருவான். அதற்குப் புலிப்பங்கு என்று பெயராம்.

வனவிலங்குச் சட்டம் வந்ததை அவனுக்கு எடுத்துரைத்தேன்.

"அந்தச் சட்டம் எம் புள்ளைகளுக்கும் ஒரு துண்டு கறி போடச் சொல்லுதா, சாரே?" என்றான்.

அவன் மனைவி மதலேனம்மாள் சிரித்தாள். "ஒங்க பொஸ்தகப் புலி பனியில கெடக்கு. இது பெரியாத்துத் தண்ணி குடிச்சது. நாம அந்தாண்ட போனதும் குட்டியோட வந்து மிச்சத்தத் தின்னுட்டுத்தான் போவும்."

படிக்காதவர்களோடு நான் வாதிடுவதில்லை.

சென்ற செவ்வாயன்று பாறையருகே சிறுத்தை அடித்த மிளா விழுந்திருப்பதாக வகுப்பில் பேசிக்கொண்டார்கள். மிக்கேல்ராஜ் வேலை முடிந்துதான் போவான். நான் மதிய இடைவேளையில் போனேன். என்னைக் கண்டதும் தாய் விலகியது, புத்தகத்தில் உள்ளபடியே. இனித் திரும்பாது. அது ஒரு வேளை உணவை இழந்தாலும், திருடன் ஒருவன் ஒழிவான். அவன் எந்தத் தொடையை எடுப்பான் என்று தெரியாததால், தேயிலைக்கு அடிக்கும் பூச்சிமருந்தை இரண்டிலும் சீராகத் தடவினேன்.

மாலையில் அவர்கள் குழம்பு வைத்தார்கள். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். ஐந்து சடலங்கள் என்கிறீர்கள், சரிதான். மூத்தவள் இன்பமேரி என் மாணவி. கையெழுத்து அழகாக இருக்கும்.

புதனன்று பாறைக்குப் போனேன். தாயும் குட்டிகளும் அந்த மறு தொடையின் அருகே விறைத்துக் கிடந்தன. அன்று முதல் எனக்கு உறக்கமில்லை.

எதையும் மறைக்க விரும்பவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். நான் மூன்று உயிர்களைக் கொன்றேன்.