தலைகீழாய் நின்ற சேறு

ஹலோ... ஹலோ அண்ணா, நான்தான். மீட்டிங்கா? இருக்கட்டும், கொஞ்சம் வெளிய வா... ஆமா, ஆமா, லேப்லருந்துதான். கை பூரா சேறு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்... யாரும் இல்ல, நான் மட்டும்தான்.

திங்கக்கிழமை ஏரித் தண்ணியைக் குழாய்ல விடாத... விடாதன்னா விடாத. உங்க குடிநீர் ஆபீசுக்கு நான் கொடுத்த ரிப்போர்ட் தப்பு.

சொல்றேன், குறுக்க பேசாத. ஏரி அடியில குழாயை இறக்கி ஒரு ஆள் உசரத்துக்குச் சேறு எடுத்தோம்ல?... ஆமா, அதேதான். வருஷா வருஷம் ஒண்ணு மேல ஒண்ணாப் படிஞ்சது. அடியில இருக்கிறது பழசு, மேல இருக்கிறது புதுசு. குழாயோட மேல் முனைக்குச் சிவப்பு மூடி, அடி முனைக்குக் கறுப்பு மூடி. படகு ஆடுச்சு, எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு, ரெண்டையும் மாத்திப் போட்டுட்டேன்... நான்தான். வேற யாரு?

கறுப்பு மூடிப் பக்கம் கன்னங்கரேல்னு, எண்ணெய்ப் பிசுக்கும் நாத்தமுமா இருந்துச்சு. அதைப் போயி இருநூறு வருஷத்துக்கு முந்தினதுன்னு எழுதினேன். இப்ப ஏரி தானா சுத்தமாயிடுச்சுன்னு வேற எழுதினேன். தூ. என் கையை எனக்கே பார்க்கப் பிடிக்கல.

எப்படித் தெரிஞ்சுதா? இன்னைக்கு அந்த இருநூறு வருஷச் சேத்துக்குள்ள ஷாம்பு பாக்கெட் இருந்துச்சு... சிரிக்காத. பாதிதான் கிழிஞ்சிருக்கு, விலைகூட அழியல.

அது பழசே இல்லண்ணா. சாயப்பட்டறை வந்த பிறகு படிஞ்சது. ஈயம், குரோமியம், எல்லாம் அதுலதான் கிடக்கு. நீங்க பம்பைப் போட்டா அதான் கலங்கி வரும். ஊர்ப் பிள்ளைங்க அதைத்தான் குடிக்கும்...

திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடிச்சிருந்தா என்ன? கிழிச்சுப் போடு... என் பேரு கெடும்தான். கெடட்டும்... ஆமா. ஆமா. வேலையும் போகலாம், தெரியும்... நீ இன்ஜினியர்தானே, பம்பை நிறுத்த ஒரு வரி எழுத மாட்டியா?

என்ன?... நாம எதுக்குக் கவலைப்படணும்னா கேக்குற?... நம்ம ரெண்டு வீட்டுக்கும் கேன் தண்ணி சொல்லிட்டியா?

எப்ப சொன்ன?

... போன மாசமா.

இரு. பாக்கெட்டை நான் இன்னைக்குத்தானே எடுத்தேன்... பட்டறைக் கழிவு எங்க விழுதுன்னு உனக்குத் தெரியும். முன்னாடியே தெரியும். என் ரிப்போர்ட் தப்புன்னு தெரிஞ்சும் வாங்கி வெச்சுக்கிட்ட...

குடும்பத்தை இழுக்காத. அண்ணின்னு ஆரம்பிக்காத... சீ. இந்தச் சேத்துல கையை விட்டப்பகூட எனக்கு இப்படி அருவருப்பா இல்ல.

இல்ல, நீ ஒண்ணும் எழுத வேணாம். மூடியை மாத்தினது நான்தான்னு நானே எழுதிக் கொடுக்கிறேன். கேன் விஷயத்தையும் சேர்த்தே எழுதுறேன்... கெஞ்சாத. உன் மேலதிகாரி நம்பர் என்கிட்ட இருக்கு.

வைக்கிறேன்.