ஜன்னலில் மாட்டிய படம்

தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியர் சங்கத் தலைவர் திருமூர்த்தி அவர்களே, எங்கள் கல்லூரியின் முன்னாள் முதல்வர் வேங்கடசாமி அவர்களே, சற்று முன் படத்தைத் திறந்து வைத்த கல்லூரிச் செயலர் அவர்களே, மறைந்த பேராசிரியரின் அண்ணன் மகள் நவ்யா, அவரிடம் படித்து இன்று நரை கண்டுவிட்ட மாணவர்களே, மாணவிகளே, உட்கார இடமில்லாமல் கடைசியில் நிற்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் சென்னகிருஷ்ணனின் வணக்கம்.

எனக்கு முன்னால் ஏழு பேர் பேசினீர்கள். "அமைதியின் உருவம்" என்றார் ஒருவர். "யார் மனமும் நோகப் பேசாதவர்" என்றார் இன்னொருவர். "கல்லூரி அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறது" என்றார் செயலர். அடடா! கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை நல்ல வார்த்தைகளையும் எங்கே ஐயா வைத்திருந்தீர்கள்? அந்த அம்மாளுக்குக் காது கேட்ட காலத்தில் ஒன்றையாவது எடுத்து விட்டிருக்கக் கூடாதா?

உங்களை மட்டும் சொல்லவில்லை. நானும் அதே கூட்டத்து ஆள்தான். வரலாற்றுத் துறையின் தலைவராக இருந்தவன். அவருக்குப் பக்கத்து மேசையில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். ஆகவே இன்று நான் புகழ் மாலை சூட்ட வரவில்லை. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

பேராசிரியர் முனைவர் ராமாமணி நடத்திய பாடம் எது? "ரஷ்யப் பேரரசும் அதன் மக்களும்." இளங்கலை மூன்றாம் ஆண்டு, விருப்பப் பாடம். ரஷ்யா என்றதும் நம் ஊரில் ஒருவருக்குப் புரட்சி ஞாபகம் வரும், இன்னொருவருக்கு ராக்கெட் ஞாபகம் வரும். ராமாமணி வேறு ஒன்று கேட்டார். அந்தப் பெரிய நாட்டுக்குள் ரஷ்யர் அல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? 1876இல் உக்ரைன்காரர்களின் மொழியில் புத்தகம் அச்சிடக் கூடாது என்று ஜார் மன்னர் தடை போட்டாரே, அந்த மொழி பேசியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? 1944இல் கிரிமியாவின் தாத்தார் இன மக்களை ஊரோடு பிடுங்கி மத்திய ஆசியாவுக்கு அனுப்பினார்களே, அவர்கள் வீட்டில் பிறகு யார் குடியேறினார்கள்? ஜாரைப் பேசினால் சிலர் முகம் சுளித்தார்கள். சோவியத்தைப் பேசினால் வேறு சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு அவர் பாட்டுக்குப் பாடம் நடத்தினார்!

அவர் வகுப்பை ஒருமுறை வாசலில் நின்று கேட்டேன். கடிகாரத்தை மேசையில் கழற்றி வைத்தார். "வாசல்ல சிப்பாய் நிக்கறான். பதினஞ்சு நிமிஷம் டைம். ஊட்டுல இருந்து என்ன எடுப்பீங்க? எழுதுங்க கண்ணு" என்றார். தொண்டாமுத்தூர் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க மாட்டைக் கூட்டிட்டுப் போயிருவேனுங்க மேடம்" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ராமாமணி சிரிக்கவில்லை. "மாட்டை ஏத்த உடமாட்டாங்க அம்மணி. அது மாடு ஏத்தற ரயில் பெட்டிதான். ஆனா அதுல போறது நீங்க" என்றார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள்.

அப்படிப்பட்ட ஆசிரியரை நாம் என்ன செய்தோம்?

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ராமாமணி ஒரு பாடம் நடத்தினார். கிஷினேவ் என்று ஓர் ஊர். அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது. 1903, ஈஸ்டர் பண்டிகை. யூதர்களைப் பற்றி ஒரு பத்திரிகை பொய்யை எழுதி எழுதி ஊரைக் கொதிக்க வைத்திருந்தது. கும்பல் கிளம்பியது. நாற்பத்தொன்பது பேரைக் கொன்றார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளைச் சூறையாடினார்கள். அப்போது கிறிஸ்தவக் குடும்பங்கள் பல, இது கிறிஸ்தவர் வீடு என்று கும்பலுக்குத் தெரிவதற்காக, ஜன்னலில் சாமி படத்தை வைத்தன. கும்பல் படத்தைப் பார்த்தது, தாண்டிப் போனது, அடுத்த வீட்டுக் கதவை உடைத்தது.

உள்தேர்வில் ராமாமணி ஒரு கேள்வி போட்டார். "ஜன்னலில் படம் வைத்தவரை வரலாறு எந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டும்? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக."

அவ்வளவுதான்! ஊருக்குள் சிலருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ரஷ்யாவின் பெயரைச் சொல்லி, பழைய கலவரத்தைக் கிளறிக் கோயமுத்தூரை இழிவுபடுத்துகிறார் என்று கல்லூரிக்கு ஒரு மனு வந்தது. விசாரணைக் குழு போட்டார்கள். அதில் மூன்று பேர். முதல்வர் வேங்கடசாமி, நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், அப்புறம் நான்.

ராமாமணி பாடக்குறிப்பு மொத்தத்தையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். மேசையில் பரப்பினார்.

"ஏனுங்க சார், இதுல எங்கீங்க நம்மூரு இருக்குது? காட்டுங்க" என்றார்.

"ஊர் பேரு இல்லைங்க மேடம். ஆனா படிக்கிற பசங்களுக்கு நம்மூருதானுங்க ஞாபகத்துக்கு வரும்" என்றார் முதல்வர்.

"அப்பத் தப்பு என்னோட குறிப்புலீங்களா, நம்ம ஞாபகத்துலீங்களா?"

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிறகு அந்தத் தேர்வின் விடைத்தாள்களைக் கேட்டோம். மாணவர்கள் மனத்தில் என்ன விதைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டுமாம்! பையைக் கையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். "அது மட்டும் முடியாதுங்க" என்றார். ஏன் என்றோம். சொல்லவில்லை. தந்துவிட்டால் விவகாரம் இத்தோடு முடிந்துவிடும் என்றோம். "முடியாதுங்க சார், மன்னிச்சுக்கங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அறிக்கையை எழுதியது யார்? நான். "பாடத்துக்கு அப்பாற்பட்ட கேள்வி. குழுவின் ஆணைக்குக் கீழ்ப்படியாமை." இரண்டு வரி. விருப்பப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். கிஷினேவைச் சொன்ன வாயால் எட்டு ஆண்டுகள், ஓய்வு பெறும் வரை, சுற்றுலா மேலாண்மை நடத்தினார் முனைவர் ராமாமணி. ஊட்டிக்கு எந்த மாதம் கூட்டம் வரும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். அப்போதும் தினமும் காலையில், "சாப்டீங்களா சார்?" என்று என்னைக் கேட்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "சுருக்கவும்" என்று. சுருக்குகிறேன் ஐயா. இத்தனை வருஷமும் சுருக்கித்தானே வைத்திருந்தேன்!

ராமாமணி இறந்த ஒன்பதாம் நாள் நவ்யா என் வீட்டுக்கு வந்தது. "அத்தை இதை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க மாமா" என்று அதே மஞ்சள் பையை நீட்டியது. உள்ளே நாற்பத்தொரு விடைத்தாள்கள். அன்று குழுவுக்குத் தர மறுத்தவை. ஒன்றில் மட்டும் மூலை மடித்திருந்தது. எழுதியவள் பெயர் இஸ்மத். அதை அப்படியே படிக்கிறேன்.

"எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார். நல்லவர். எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஊரில் கலவரம் நடந்த அன்று அவர் வீட்டு கேட்டில் முருகன் காலண்டரைக் கட்டினார். என் அம்மா போய் இன்னொரு காலண்டர் இருக்குமா என்று கேட்டார். இல்லை என்றார். கேட்டை உள்ளே இருந்து பூட்டிக்கொண்டார். அவர் இப்போது இந்தக் கல்லூரியில்தான் இருக்கிறார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை."

கீழே சிவப்பு மையில் பத்துக்குப் பத்து. பக்கத்தில் ராமாமணியின் கையெழுத்து: "இதற்கு விடை எழுத வேண்டியது நீ இல்லை அம்மணி."

புரிகிறதா உங்களுக்கு? இந்தத் தாளைத்தான் அன்று நான் கேட்டேன். கொடுத்திருந்தால் முதல்வர் எதிரில் என் முகத்திரை கிழிந்திருக்கும். கொடுக்காததால் அவர் பாடம் போயிற்று. என்னைக் காப்பாற்றி, என் கையாலேயே தண்டனை வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். ஐயோ, மனுஷியா அவர்!

அந்த வாத்தியார் நான்தான். பள்ளிக்கூடத்திலிருந்து இந்தக் கல்லூரிக்கு வந்தவன் நான் ஒருவன்தான், அது எல்லோருக்கும் தெரியும். கடிகாரம் பழுது பார்க்கும் யூனுஸ் பாய்க்கும் எனக்கும் இடையில் ஒரே ஒரு சுவர். பகல் பதினொரு மணி. யூனுஸ் மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "ஏனுங்க சார், அந்த மாதிரி இன்னொண்ணு இருக்குங்களா?" என்றார். "இல்லைங்க" என்றேன். இருந்தது. என் வீட்டில் அன்று ஐந்து காலண்டர் இருந்தது. நகைக்கடை கொடுத்தது, மில்லில் கொடுத்தது, மருந்துக்கடை கொடுத்தது. ஏன் இல்லை என்றேன்? அவர்கள் கேட்டிலும் ஒரு முருகன் தொங்கினால், அப்புறம் என் முருகனை எவன் நம்புவான் என்று நினைத்தேன். இதுதான் காரணம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் இதைவிட நல்ல காரணம் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

பின்சுவர் ஏறிக் குதித்து உயிர் தப்பினார்கள். சுவர் மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லு யூனுஸ் பாயின் வலது கையைக் கிழித்தது. விரல்கள் மடங்காமல் போயின. கடிகாரக்காரருக்கு விரல் போனால் என்ன மிச்சம்? வீடு எரிந்தது. ஈரோட்டுக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுச் சுவரில் கொஞ்சம் கரி படிந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தேன்.

இஸ்மத் இங்கே வந்திருக்கிறாள். நாலாவது வரிசையில் இருக்கிறாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று எழுதினாயே, தெரிந்தது கண்ணு. நீ கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே தெரிந்தது. மூன்று வருஷம் உனக்கு முன்னால் தெரியாத மாதிரி நடந்தேன்.

செயலர் அவர்களே! இந்தப் படத்தை வரலாற்றுத் துறையின் வாசலில் மாட்டப் போவதாக அறிவித்தீர்கள். எல்லோரும் கை தட்டினோம். இதுவும் ஜன்னலில் மாட்டும் படம்தானே ஐயா? படம் தொங்கினால் பழி நம் வாசலைத் தாண்டிப் போய்விடும், அப்படித்தானே? அந்தப் பாடம் திரும்ப வராமல் இந்தப் படத்தை மாட்டாதீர்கள். இதோ, விசாரணை அறிக்கையில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதம் எழுதி வந்திருக்கிறேன். உங்கள் கையில் தருகிறேன். வேங்கடசாமி சாரும் எழுதுவாரா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

பாடம் வரும்வரை சும்மா இருக்க மாட்டேன். வருகிற சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சங்கத்து மாடியில், ராமாமணியின் குறிப்பை வைத்துக்கொண்டு நான் வகுப்பெடுக்கிறேன். ஒருவர் வந்தாலும் எடுப்பேன். யாரும் வராவிட்டால் சுவருக்கு எடுப்பேன். முதல் பாடம் கிஷினேவ். முதல் கேள்வி அதேதான். இந்த மனுஷியின் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன், இந்த உடம்பு நடக்கிற வரை அந்த வகுப்பு நிற்காது.

என் விடையையும் எழுதிவிட்டேன். ஒரு பக்கத்துக்கு மிகாமல். படம் வைத்தவன் பயந்தவன், அதுவரை அவனைப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டுக்காரி வந்து கேட்டபோது இல்லை என்றவனைக் கும்பலின் பக்கத்தில் சேர்த்து எழுத வேண்டும். அவன் பெயரையும் எழுத வேண்டும்.

இஸ்மத், நான் விடை எழுதிய இந்தத் தாளை எடுத்துக்கொண்டு நாளைக்கு ஈரோட்டுக்கு வாரேன் கண்ணு. உங்க ஊட்டுக் கதவைத் தட்டுவேன். உங்கப்பா உள்ளே இருந்துகொண்டே, "இல்லைங்க"ன்னு சொல்லச் சொன்னா, தயங்காம அப்படியே சொல்லிரு. நான் சொன்ன வார்த்தைதான் அது.