மழைக்காய்

“இப்ப மழைய எறக்குங்க அண்ணாச்சி.”

கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் கிளம்பவில்லை. முன்சீட்டில் இரண்டு விவசாயிகள், நடுவில் செஸ் போர்டு. மழை என்பது ஒரு நீல பாட்டில் மூடி. கண்ணை மூடிக்கொண்டு வைக்க வேண்டுமாம். எந்தச் சிப்பாய் மேல் விழுகிறதோ, அது ராணியாகிவிடும்.

“அதுக்குள்ள எல்லாச் சிப்பாயையும் முன்னால தள்ளிட்டீரே?” என்றார் மூத்தவர்.

“மழைக்கு முந்தி புழுதியிலயே வெதைக்கிற ஆளுதான நான்.”

மூத்தவர் மூடியை வைத்தார். இளையவரின் சிப்பாய் ராணியானது. ஆனாலும் இளையவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“கண்ணத் தொறந்து பாத்துத்தான வச்சிய, அண்ணாச்சி?”

“பின்ன? காட்டுல நீரு வெதச்சு இருவது நாளாச்சு. ஒரு சொட்டு விழலயே.”