எர்த் சரியில்லை என்றேன்

காரில் பெரிய ஸ்பீக்கர் வைப்பவர்கள் பெரும்பாலும் எர்த் வயரைத்தான் அலட்சியம் செய்கிறார்கள். விலை உயர்ந்த ஆம்பிளிஃபயர் வாங்குவார்கள், பளபளவென்று வயர் இழுப்பார்கள், கடைசியில் எர்த்தை மட்டும் பெயின்ட் சுரண்டாத தகரத்தில் ஏதோ ஒரு நட்டில் மாட்டிவிடுவார்கள். அப்புறம் ஆம்பிளிஃபயர் சூடாகிறது, பாட்டு நின்றுபோகிறது என்று புலம்புவார்கள். எதிர்வீட்டுத் தமிழரசுவிடம் நான் முதல் நாளே இதைத்தான் சொன்னேன், சார். அது பொய் இல்லை. அவன் காரில் அந்த நட்டை அரைச் சுற்று தளர்த்தியது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

என் பெயர் ரவிச்சந்திரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். கள்ளிக்குப்பத்தில் தரைத்தள ஃப்ளாட். நானும் என் மனைவி ஜெகதாம்பாளும் மட்டும். படுக்கையறை ஜன்னலை ஒட்டி ஒரு சந்து, சந்துக்கு எதிர்ப்பக்கம் தமிழரசுவின் வீடு. ஃப்ளாட்டுகள் வருவதற்கு முன்னால் அங்கே நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். அவன் விடியற்காலையில் பால் வேன் ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குவான். அவனுடைய பழைய கார் எங்கள் ஜன்னலோரம் நிற்கும். தண்ணீர் லாரி வந்தால் அதை நகர்த்தியாக வேண்டும் என்பதால் ஒரு சாவி என்னிடம் இருந்தது. எங்கள் தெருவில் பகலில் வீட்டில் இருப்பவரிடம் சாவியைக் கொடுத்து வைப்பது வழக்கம். ஆகவே திருட்டுச் சாவி என்று எழுதிவிடாதீர்கள்.

ஜெகதாவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு போய்விட்டது, காதும் மந்தம். ஆயா வைக்கச் சொன்னார்கள், நான் வைக்கவில்லை. பீ மூத்திரம் முதற்கொண்டு நானே எடுத்தேன். காலையும் மாலையும் உடம்பைத் துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பு மாற்றுவேன். பார்க்க வந்தவர்கள் ஒருவரும் மூக்கைச் சுளித்ததில்லை. சாப்பாடுதான் தகராறு. ஊட்டினால் விழுங்க மாட்டாள். கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் வெளியே தள்ளுவாள். ரசம் சாதம் மோவாயில் வழிந்து, ரவிக்கைக்குள் இறங்கி, புளித்துப்போய் நாறும். எனக்கு அருவருப்பாக இருந்தது. அதற்காகத் துடைக்காமல் விட்டேனா, அதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தமிழரசு காரில் சப்வூஃபர், அதாவது தரையே அதிர்கிற பெரிய ஸ்பீக்கர், வைத்தான். டிக்கியை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பெட்டி. ஒரு மத்தியானம் டிக்கியைத் திறந்துவைத்துக் கானா பாட்டுப் போட்டான். ஜன்னல் கம்பி நடுங்கியது, இரும்புக் கட்டில் தரையோடு சேர்ந்து அதிர்ந்தது. பிசியோதெரபி கொடுக்க வருகிற அமல்ராஜ் அப்போது அறையில் இருந்தார். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதீங்க சார். அம்மா கையைப் பாருங்க," என்றார்.

ஜெகதாவின் இடது கை விரிப்பின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. அமல்ராஜ் ஒரு ஸ்பூன் கஞ்சி கொடுத்தார், விழுங்கினாள். கிண்ணம் காலியாகிற வரை விழுங்கினாள். பிறகு அவர் போனிலும் ஒரு சின்ன ஸ்பீக்கரிலும் அதே பாட்டைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கட்டில் அதிர்ந்தால்தான் வாய் திறந்தது.

அமல்ராஜ் வெளியே ஓடிப்போய்த் தமிழரசுவிடம் சொல்லிவிட்டார்.

"அம்மா சாப்டறதுக்கா? இன்னா சார், என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? டெய்லி வந்து போட்டுட்டுப் போறேன்," என்றான் அவன்.

போட்டான். தினமும் மத்தியானம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, லுங்கியோடு வந்து நின்று போட்டான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சாப்டுகினு கீறாங்களா சார்?" என்று கேட்பான். ஜெகதாவுக்கு உடம்பில் சதை பிடிக்க ஆரம்பித்தது. அமல்ராஜுக்கு ஒரே சந்தோஷம்.

அவர்கள் இரண்டு பேரும் கிண்ணத்தைத்தான் பார்த்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் சொருகி, உதடு ஒரு பக்கம் கோணி, எச்சில் ஒழுக ஒரு இளிப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடும்பம் நடத்தியவள். மாங்காடு கோயிலுக்கு வெள்ளி தவறாமல் கூட்டிப் போயிருக்கிறேன், புடவை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், கை நீட்டி ஒரு அடி அடித்ததில்லை. அந்த முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில்கூட. எனக்கு வராத முகம் தெருவில் நிற்கிற ஒரு தகரப் பெட்டிக்கு வந்தது. அருவருத்தது. அவளுடைய மலத்தை அள்ளியபோதுகூட எனக்கு அப்படி அருவருத்ததில்லை.

நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான், நல்ல பையன். ஆனால் ஏன் என்று கேட்டிருப்பான். அமல்ராஜும் கேட்டிருப்பார்.

எனவே நட்டைத் தளர்த்தினேன். இரண்டு நாள் கழித்துத் தமிழரசு வந்தான்.

"பாட்டு பொசுக்குனு நின்னுபோவுது சார். செவப்பு லைட்டு எரியுது. நீங்க கரண்டு ஆளு, ஒருவாட்டி இன்னான்னு பாருங்க."

பார்த்தேன். எர்த் சரியில்லை என்றேன். அவன் எதிரிலேயே முடுக்கிக் கொடுத்தேன். அவன் தூங்கப் போனதும் மறுபடி தளர்த்தினேன். சூடாகிச் சூடாகி அந்த ஆம்பிளிஃபயர் ஒரு நாள் செத்தது. புதிது வாங்கி வந்தான். அதன் பக்கவாட்டில் சத்தத்தின் அளவை வைக்கிற சின்னத் திருகு ஒன்று உண்டு, அதைக் கடைசி வரை திருப்பி வைத்தேன். இந்த முறை சப்வூஃபருக்குள் இருக்கிற கம்பிச் சுருள் கருகியது, வேறு சப்வூஃபர் மாட்டினான். பேட்டரி பழசு என்றேன், மாற்றினான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டருக்குத் தெம்பில்லை என்றேன், பூந்தமல்லிக்குக் கொண்டுபோய் அதையும் மாற்றிக்கொண்டு வந்தான். எல்லாவற்றுக்கும் என்னிடம் நன்றி வேறு சொன்னான். பெருச்சாளி வயரைக் கடிக்கிறதோ என்னவோ என்று ஒரு நாள் வாயில் வந்ததைச் சொல்லி வைத்தேன். அதற்கும் தலையாட்டினான்.

பாட்டு இல்லாத நாட்களில் ஜெகதா வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

"பொட்டியக் கயட்டி ஊட்டுக்குள்ளயே வெச்சிடலாம் சார். பேட்டரியும் நானே தூக்கியாந்து தரேன்," என்றான் தமிழரசு. பேட்டரி ஆசிட் காற்று நோயாளிக்கு ஆகாது என்றேன், விட்டுவிட்டான். மூக்கில் குழாய் போடலாம் என்று டாக்டர் சொன்னார். அவளைச் சித்திரவதை செய்ய வேண்டாம் என்று சொன்னேன். டாக்டர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இரண்டாவதும் போய், மூன்றாவது ஆம்பிளிஃபயர் வந்தது. ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு முனைகளையும் ஒரு செம்பு நூலால் தொட வைத்தேன். மயிரிழைதான், கண்ணில் படாது. மத்தியானம் தமிழரசு வந்து டிக்கியைத் திறந்தான். ஜன்னல் வழியாக அவனைக் கண்டதுமே ஜெகதா வாயைத் திறந்துவிட்டாள். அவன் பட்டனை அழுத்தினான். டப்பென்று ஒரு சத்தம், அதோடு சரி. டிக்கிக்குள் தலையை விட்டு எதை எதையோ பிடுங்கி மாட்டினான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னா சார் ஆச்சு இதுக்கு? அம்மா வாயத் தொறந்துகினு கீறாங்க சார்."

எர்த்தைப் பார் என்றேன்.

ஜெகதா வாயை மூடவில்லை. நாக்கு வெள்ளை பூத்து, வறண்டு கிடந்தது. இடது கை விரிப்பின் மேல் விரித்தபடியே காத்திருந்தது. என் கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. ஆறிப்போகாத கஞ்சி. வாய்தான் திறந்திருக்கிறதே, ஒரு ஸ்பூன் வைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வைத்திருக்கலாம், விழுங்கியும் இருப்பாள். ஆனால் அது எனக்காகத் திறந்த வாய் இல்லை, சார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் தாடையைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கி மூடினேன். திரும்பத் திறந்தாள். திரும்ப மூடினேன். பிறகு அவள் திறக்கவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். தமிழரசுதான் பாடைக்கு ஆள் கூட்டி வந்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவனுக்கு அது நினைவு வந்திருக்கிறது. நான் பெருச்சாளி என்று சொன்னேன் இல்லையா, அதைப் பிடிப்பதற்காக டிக்கிக்குள் ஒரு சின்னக் கேமரா வைத்திருந்திருக்கிறான். அதில் நான் இருந்தேன். போனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டி, "இன்னாத்துக்கு சார்?" என்று மட்டும் கேட்டான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதன் பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தான்.

அவன் புகாரில் ஆம்பிளிஃபயரும் சப்வூஃபரும் மட்டும்தான் இருக்கின்றன. இரண்டையும் கெடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஜெகதாவைப் பற்றி நீங்களாகவே இப்போது கேட்கிறீர்கள். அதில் மறைக்க ஒன்றுமே இல்லை. சாவு வீட்டில் குளிப்பாட்ட வந்த பெண்களை விசாரித்துப் பாருங்கள், சார். கடைசி நாட்களில் அவள் வாயோரத்தில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருந்ததில்லை, அவளை நான் அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.