இரண்டு வயதில் பார்த்தது

தேங்காய்ப்பட்டணம் பேருந்தில் என் முன்னிருக்கையில் ஒரு குடும்பம் இருந்தது. மூன்று வருடம் கழித்துத் துபாயிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா, அவள் மடியில் ஐந்து வயது மகள்.

"அப்பா என்னைத் தூக்கிட்டு கடல்ல நின்னாரு," என்றாள் மகள்.

"கேட்டியா? நாலு நாளா எங்கிட்ட வராட்டாலும், மவளுக்கு என்னை ஓர்மை உண்டு!" என்றார் அப்பா.

"ரெண்டு வயசில நடந்தது எப்பிடி ஓர்மை இருக்கும்? நான் தெனமும் காட்டுன வீடியோவைச் சொல்லுகா."

அப்பாவின் முகம் வாடியது.

"அப்பா அழுதாரு," என்றாள் மகள்.

"வீடியோல யாரும் அழல்லியே, மக்கா," என்றாள் அம்மா.

"வீடியோ முடிஞ்ச பெறவு அழுதாரு."

அம்மா குழப்பத்துடன் கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அழுதியளா? அண்ணைக்கு கண்ணுல உப்புத்தண்ணி தெறிச்சுன்னுல்லா எங்கிட்ட சொன்னிய?"